ஒரு பக்க சைனஸ்: மூக்கு டாக்டரா, பல் டாக்டரா?

குடியாத்தத்தில் இருக்கும் என் சித்திக்கு ஒன்றரை வருஷமாக இடது மூக்கில் மட்டும் சளி. மஞ்சளாக, கெட்டியாக, தொண்டைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அதைவிடக் கொடுமை நாற்றம். பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது, அவருக்கு மட்டும் அழுகிய வாடை. வீட்டிலேயே லுங்கித் தறி ஓடுவதால் பஞ்சுத் தூசிதான் காரணம் என்று எல்லாரும் தீர்ப்பு எழுதிவிட்டோம். நொச்சி இலை போட்டு ஆவி, மூக்கு ஸ்பிரே, ஆன்டிபயாட்டிக், திரும்பவும் ஆவி. கடைசியில் சரியான கேள்வியைக் கேட்டவர் சித்திதான்.

"ஏன்டா, தூசின்னா ரெண்டு மூக்குலயும்தான போவும்? இன்னா இந்தப் பக்கம் மட்டும்?"

கன்னத்து எலும்புக்குள் இருக்கும் மேல்தாடை சைனஸ் பெரியவர்களுக்குச் சுமார் 15 மி.லி. கொள்ளும் காற்றறை. அதன் தரைக்கு நேர் கீழேதான் மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் நிற்கின்றன. சிலருக்கு நடுவில் இருக்கும் எலும்பு தாள் கனம்தான். வேரில் சீழ் பிடித்தால் அது சைனஸுக்குள் ஏறுவது சுலபம், இறங்குவதுதான் கஷ்டம்; ஏனென்றால் அந்த அறையின் வாசல் மேலே இருக்கிறது. இதொன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. நத்தானியேல் ஹைமோர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1651-லேயே, பல் பிடுங்கிய குழி வழியாக இந்த அறை திறந்துகொண்ட ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார்.

சரி, முதலில் யாரிடம் போவது? இரண்டு பக்கமும் அடைப்பு, தும்மல், கண் அரிப்பு என்றால் யோசிக்காமல் ஈ.என்.டி. ஒரே பக்கம், அதுவும் நாற்றத்தோடு என்றால், பல் வலி இல்லாவிட்டாலும் பல்லையும் பார்த்தே ஆக வேண்டும். "பல்லு வலிக்கவே இல்லியே" என்பதுதான் சித்தியின் வாதம். நரம்பு செத்துப்போன பல் வலிக்காமலே இருக்கலாம். ஏற்கெனவே ரூட் கெனால் செய்த, அதாவது உள்ளே இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு அடைத்த பல்லுக்குள் வலிக்க நரம்பே இல்லை. அதற்காக ஈ.என்.டி.யை விட்டுவிடவும் கூடாது. ஒரு பக்க சைனஸுக்குப் பூஞ்சைக் கட்டி, அபூர்வமாகப் புற்றுநோய்கூடக் காரணமாகலாம். மூக்குக்குள் எண்டோஸ்கோப் (கேமரா வைத்த மெல்லிய குழாய்) விட்டுப் பார்த்தால்தான் தெரியும். வேலூர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கல்கத்தாவிலிருந்து ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கி, லாட்ஜ் எடுத்துத் தங்கிப் பார்க்கிற சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் ஈ.என்.டி., பல் இரண்டு பிரிவும் இருக்கின்றன. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்ப்பார். தனித்தனி கிளினிக்காகப் போனால் அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும், ஸ்கேனைக் கையில் தூக்கிக்கொண்டு.

ஸ்கேன் என்றதும் ஒரு குழப்பம். வாய் முழுக்க எடுக்கும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே மலிவு, ஆனால் மேல் கடைவாயில் வேரும் சைனஸும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து பாதி மறைந்துவிடும். சித்திக்கு எடுத்த ஓ.பி.ஜி.யில் "ஒன்றும் இல்லை". சைனஸுக்கு எடுக்கும் சி.டி.யில் சைனஸ் மூக்குக்குள் திறக்கும் வாசல் வரை நன்றாகத் தெரியும், ஈ.என்.டி.க்கு அதுதான் வேண்டும். ஆனால் ரிப்போர்ட்டில் பல்லைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் வருவது சகஜம். பல்லுக்கென்றே எடுக்கும் முப்பரிமாண ஸ்கேனான சி.பி.சி.டி.யில் வேர் நுனி துல்லியமாகத் தெரியும், கதிர்வீச்சும் வழக்கமாகக் குறைவு. பல் மேல் சந்தேகம் என்றால் என் ஓட்டு இதற்கு. சித்தி விஷயத்தில் குட்டு உடைந்ததும் இதில்தான்: ஆறு வருஷம் முன்பு ரூட் கெனால் செய்து கேப் போட்ட பல்லில் மூன்று கெனால் (வேருக்குள் நரம்பு ஓடும் குழாய்) அடைக்கப்பட்டிருந்தது, நாலாவது விட்டுப்போயிருந்தது. மேல் முதல் கடைவாய்ப் பல்லில் கன்னப் பக்கத்து முன்வேருக்குள் பலருக்கு இப்படி ஒரு இரண்டாவது கெனால் ஒளிந்திருக்கும். அந்த வேர் நுனியில் எலும்பு கரைந்து கறுப்பாக ஒரு வட்டம், அதற்கு மேலே காற்று இருக்க வேண்டிய சைனஸ் முழுக்கச் சாம்பல் நிறம்.

அப்புறம்தான் நிஜமான சண்டை. ஆன்டிபயாட்டிக் மட்டும் என்பது போட்டியிலேயே இல்லை. மாத்திரை இருக்கும்வரை நாற்றம் அடங்கும், வேரில் இருக்கும் கிருமி அப்படியே இருக்கும். பல்லைத் தொடாமல் எண்டோஸ்கோப்பில் சைனஸ் ஆபரேஷன் செய்தாலும் அதே கதை திரும்ப வரலாம். பல்லைச் சரி செய்தால் கணிசமானவர்களுக்கு சைனஸ் தானாக வடிந்துவிடும். வாசல் அடைபட்டவர்களுக்கு மட்டும் ஆபரேஷனும் சேரும். எது முந்தி என்பதை இரண்டு டாக்டர்களும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

மிச்சம் இரண்டு. நான் "ரூட் கெனாலைத் திரும்பச் செய்வோம்" கட்சி, சித்தி "எடுத்துப் போட்டுடு" கட்சி. திரும்பச் செய்தால் சொந்தப் பல் நிலைக்கும், தாடை எலும்பும் கரையாது. ஆனால் பழைய கேப்பை உடைத்து, உள்ளே அடைத்ததைச் சுரண்டி எடுத்து, விட்டுப்போன கெனாலை மைக்ராஸ்கோப்பில் தேட வேண்டும். பல நடை, புதுக் கேப் செலவு வேறு. முதல் தடவை அளவுக்கு உறுதியும் தர மாட்டார்கள். எடுத்துவிட்டால் மூலமே ஒழிந்தது, ஒரே நாள் வேலை. ஆனால் வேரோடு சைனஸ் தரையும் பிளந்துகொள்ளலாம். 2 மி.மீ.க்குக் குறைந்த ஓட்டை ரத்தம் உறைந்து பெரும்பாலும் தானே மூடும், 5 மி.மீ.க்கு மேல் போனால் ஈறை இழுத்துத் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் குடித்த தண்ணீர் மூக்கில் வரும். பின்னாளில் அங்கே இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைப்பதென்றால் சைனஸ் தரையை உயர்த்தும் சிகிச்சை தேவைப்படலாம். வேர் விரிசல் விட்டிருந்தால் இந்த வாதமெல்லாம் வீண், எடுத்தே ஆக வேண்டும். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று பாட்டி மிரட்டினார், அது வெறும் கதை.

கண்ணைச் சுற்றி வீக்கம், இரட்டையாகத் தெரிவது, காய்ச்சலோடு கடுமையான தலைவலி வந்தால் இந்த ஒப்பீடெல்லாம் மூட்டை கட்டிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி. சர்க்கரை நோயாளிக்கு மேல் பற்கள் ஆடி, அண்ணம் கறுத்தாலும் அப்படியே. 2021-இல் கரும்பூஞ்சை எத்தனை பேரின் மேல்தாடையைத் தின்றது என்று பார்த்தோமே.

சித்தி பல்லை எடுத்துவிட்டார். வேரில் விரிசல் இல்லை, காப்பாற்றியிருக்கலாம் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். "தறிய உட்டுட்டு நாலு தபா வேலூருக்கு யாருடா நடக்கறது?" என்றார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, ஸ்ட்ராவில் குடிக்கக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். பஞ்சு பறக்கிற வீட்டில் அது லேசில்லை. சித்தி வாயைப் பிளந்து தும்மும் ஒவ்வொரு தடவையும் பேரனும் கூடவே வாயைப் பிளந்தான். மூன்றாம் வாரம் நாற்றம் நின்றது. முறுக்கு மட்டும் இப்போது வலது பக்கம்தான்.