பேக்கன்ட்ரிக்குத் துணை தேடுவது: கால்கரியிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

ஏறும்போது இரண்டாகப் பிரித்து ஸ்கிபோல் மாட்டி, இறங்கும்போது ஒன்றாகப் பூட்டும் ஸ்னோபோர்டுதான் ஸ்ப்ளிட்போர்டு. கால்கரியில் அதை வாங்க ஒரு சனிக்கிழமை மதியம் போதும். கூட வர ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. லிஃப்ட் ஓடும் ரிசார்ட்டில் தனியாகவே நாள் முழுக்கச் சறுக்கிவிட்டு வரலாம், யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். லிஃப்டும் இல்லாத, ரோந்து ஆட்களும் இல்லாத பேக்கன்ட்ரி மலையில் அது நடக்காது. பனிச்சரிவில் முழுதாகப் புதைந்தவரை உயிரோடு எடுக்க நல்ல வாய்ப்பு இருப்பது முதல் பத்து நிமிடத்தில். ஹெலிகாப்டர் வந்து சேர அதைவிட வெகுநேரம் ஆகும். தேடுவதும் தோண்டுவதும் கூட வந்தவர்தான். சில குளிர்காலமாக இந்தத் துணைக்காக நான் முயன்ற வழிகளையும், எது தேறியது, எது தேறவில்லை என்பதையும் எழுதுகிறேன்.

வாட்ஸ்அப் குழுக்களில் ஆள் கிடைப்பது சுலபம். "ஞாயிறு Bow சம்மிட், இரண்டு பேர் வேண்டும்" என்று பான்ஃப் பூங்காவிலுள்ள அந்தக் கணவாய்க்கு ஆள் கேட்டுப் போட்டால் ஒரு மணி நேரத்தில் நாலு பேர் தயார். தங்களைப் பற்றி அவர்கள் அனுப்புவதெல்லாம் தூள் பனியில் சறுக்கும் வீடியோ. பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவியான பீக்கனைக் கடைசியாக எப்போது எடுத்துப் பழகினார்கள், எந்த இடத்தில் வேண்டாமென்று திரும்பினார்கள் என்பது அதில் தெரியாது. அப்படி வந்த ஒருவர் முதல் ஆளாக இறங்கி, கண்ணுக்குத் தெரியாத தூரம் போய்விட்டார். நாங்கள் கத்திக் கத்தித் தேடிக்கொண்டு கீழே வந்தால், மனிதர் காரில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அற்புதமாகச் சறுக்குவார், சந்தேகமே இல்லை. அவரோடு மறுபடி போகவில்லை.

மலையேறும் சங்கத்தில் சேர்ந்தும் பார்த்தேன். ஆல்பைன் கிளப் ஆஃப் கனடா 1906-இல் தொடங்கிய அமைப்பு. அதன் கால்கரிக் கிளை ஆட்கள் பொறுப்பானவர்கள், பயணத்துக்கு முன்பே உங்கள் அனுபவத்தை விசாரிப்பார்கள். ஆனால் அதில் பெரும்பாலோர் ஸ்கிக்காரர்கள். சமதளத்தில் அவர்கள் வழுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். நான் போர்டைப் பிரிப்பதும் பூட்டுவதுமாகப் பின்னால் வருவேன். முகம் சுளிக்கமாட்டார்கள் என்றாலும், நாலு பேரைக் குளிரில் நிற்கவைக்க நமக்கே ஒரு மாதிரி இருக்கும்.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது ஏ.எஸ்.டி. 1 என்கிற பனிச்சரிவுப் பாதுகாப்பு வகுப்பு. அவலாஞ்ச் கனடாவின் பாடத்திட்டம், பொதுவாக இரண்டு நாள்: வகுப்பறையும் களமும். நான் சேர்ந்தது பாடத்துக்காக. கூடக் கிடைத்தது, மற்றவர்கள் பதற்றத்தில் எப்படி நடந்துகொள்வார்கள் என்று பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு. புதைத்து வைத்த பீக்கனைத் தேடும்போது ஒருவர் திரையில் காட்டும் அம்புக்குறியை மறந்து ஓடுகிறார், இன்னொருவர் தூரத்தைக் காட்டும் எண் கூடுவதைப் பார்த்ததும் நின்று திசை மாற்றுகிறார். இரண்டாவது ஆளிடம் போய் நம்பர் வாங்கினேன். ஸ்கார்பரோவில் வளர்ந்து வேலைக்காக இங்கே வந்த யாழ்ப்பாணத்துத் தம்பி. அவன் வழியாக இன்னும் ஒருத்தி சேர்ந்தாள், இப்போது நாங்கள் மூவர்.

வண்டி நிறுத்தும் இடத்தில் அவன் கெடுபிடி பார்க்க வேண்டும். முதலில் பேட்டரி சதவீதம் சத்தமாகச் சொல்ல வேண்டும். பிறகு அவன் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றிக்கொண்டு இருபதடி தள்ளி நிற்பான், நாங்கள் ஒவ்வொருவராக அவனைக் கடந்து போக வேண்டும். நெஞ்சுப் பாக்கெட்டில் போன் இருந்தால் அதோடு நிறுத்திவிடுவான். பீக்கன் அனுப்பும்போது மின்சாதனம் 20 செ.மீ. தள்ளியும், தேடும்போது 50 செ.மீ. தள்ளியும் இருக்க வேண்டும் என்பது விதி. சூடேறும் கையுறைக்கும் இதே கதைதான். "அண்ணா, அதைத் தூக்கி கால் பாக்கெட்டில வையுங்கோ" என்பான், என் வயதுக்கெல்லாம் இரக்கம் கிடையாது.

அடுத்தது கைடு. ரோஜர்ஸ் பாஸுக்கு முதல்முறை நாங்களாகப் போகத் துணியவில்லை. கிளேசியர் தேசியப் பூங்காவில் டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலை மலையைக் கடக்கும் இடம் அது. சாலைமேல் பனி சரியாமலிருக்க ராணுவம் 105 மி.மீ. பீரங்கியால் மேலே உள்ள சரிவுகளைச் சுட்டு இறக்கும். அதனால் சில பகுதிகள் குளிர்காலம் முழுக்க மூடல், சில பகுதிகள் அன்றைய காலை அறிவிப்பைப் பார்த்துத்தான். இந்த இரண்டாவது வகைக்குள் போக பார்க்ஸ் கனடாவின் குளிர்கால பெர்மிட்டும் வேண்டும். இதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம். காலையில் எந்தப் பள்ளத்தாக்கு என்று தீர்மானிப்பதுதான் படித்து வராது.

கைடு பிடிக்கும்போது ஏ.சி.எம்.ஜி. உறுப்பினரா என்று பாருங்கள். கனடாவின் மலை வழிகாட்டிகள் சங்கம், 1963-இலிருந்து இருக்கிறது. அதோடு விடாமல் எந்தச் சான்றிதழ் என்றும் பாருங்கள். ஹைக்கிங் கைடு உங்களை ஸ்கி டூருக்குக் கூட்டிப்போக முடியாது. செலவு பல நூறு டாலர் ஆகும், மூன்றாகப் பகிர்ந்தும் கடித்தது.

எங்களுக்கு வாய்த்த முதல் கைடு நல்ல பனிக்குக் கூட்டிப்போனார், வாயைத் திறக்கவில்லை. அவர் தடத்தில் ஏறினோம், கை காட்டிய இடத்தில் இறங்கினோம். சந்தோஷமான நாள்தான், ஆனால் மறுநாள் நாங்களாகப் போயிருந்தால் ஒன்றும் புரிந்திருக்காது. அடுத்த முறை அமர்த்தும்போதே "முடிவு எடுக்கக் கற்றுக்கொள்ள வருகிறோம்" என்று எழுதிவிட்டோம். அந்தக் கைடோடு போனது ரோஜர்ஸ் பாஸிலுள்ள அசல்கன் பள்ளத்தாக்கு. ஓர் இடத்தில் நிறுத்தி, ஸ்கிக் கம்பைத் தலைகீழாகப் பிடித்துக் கைப்பிடிப் பக்கத்தைப் பனிக்குள் மெதுவாக அழுத்தச் சொன்னார். முதலில் இறுக்கம், பிறகு சட்டென்று ஒன்றுமே இல்லாதது போல் உள்ளே போனது. பலகைபோல் இறுகிய பனிக்கு அடியில் சர்க்கரைபோல் உதிரும் அடுக்கு. ராக்கீஸ் மலைகளில் இது தலைவலி என்று வகுப்பில் கேட்டிருந்தோம்; கைக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். போவதா வேண்டாமா என்று அவர் முதலில் கேட்டதும் எங்களில் அதிகம் பேசாதவளிடம். மூத்தவன் முதலில் பேசினால் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள் என்றார். மூத்தவன் நான்தான்.

மேலே மௌஸ்டிராப் என்று ஓர் இடம், பல பக்கத்துப் பனிச்சரிவுப் பாதைகள் ஒன்றாக வந்து இறங்கும் குறுகல். அதை இடைவெளி விட்டு, நிற்காமல் கடக்கவைத்தார். போட்டோ எல்லாம் அந்தப் பக்கம் போன பிறகு.

இப்போது மூவரும் தனியாகப் போகும்போதும் அந்த வரிசைதான், நான் கடைசியில் பேசுவேன். போன மார்ச்சில் எனக்குப் பார்த்ததும் இறங்கத் தோன்றிய ஒரு சரிவில் தம்பி, "எனக்கு இது சரியாப் படேல்லை, திரும்புவம்" என்றான். காரணம் கேட்கவில்லை, திரும்பினோம். சற்று நேரத்தில் வேறு இரண்டு பேர் அதே சரிவில் இறங்கி ஜம்மென்று போனார்கள். பார்த்துக்கொண்டு நிற்க வயிறெரிந்ததுதான். காரில் வரும்போது அதைப் பற்றி யாரும் பேசவில்லை, அடுத்த வாரம் எங்கே என்றுதான் பேச்சு.

என் மதிப்பீட்டில் வகுப்புக்கு முழு மதிப்பெண், சங்கத்துக்குப் பாதிக்கு மேல், வாட்ஸ்அப்புக்குப் பாஸ் மார்க் கூட இல்லை. கைடை நீங்களும் உங்கள் துணைகளும் சேர்ந்து, சீசன் தொடக்கத்திலேயே அமர்த்துங்கள். இலையுதிர் காலத்திலேயே எழுதிப் போடுங்கள், பிப்ரவரி வார இறுதிகள் சீக்கிரம் போய்விடும்.