இரண்டு அலமாரிக்குப் பொருந்தும் புத்தகம்: எந்தப் பகுப்பு முறை தாங்கும்?

கொய்னா மருந்தின் வரலாற்றைச் சொல்லும் புத்தகம் ஒன்று கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சின்கோனா மரத்தின் பட்டையில் கிடைத்த மருந்து அது. மலேரியாவுக்குக் கொடுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்த மரத்தை ஆண்டீஸ் மலையிலிருந்து ஜாவாவுக்கும் இந்தியாவுக்கும் கொண்டுவந்து தோட்டப்பயிராக வளர்த்தார்கள். சரி, இந்தப் புத்தகம் மருத்துவ அலமாரிக்குப் போக வேண்டுமா, வேளாண்மைக்கா, வரலாற்றுக்கா?

நூலகத்தில் புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கும் எந்தப் பகுப்பு முறையைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, இரண்டு இடத்துக்குப் பொருந்தும் புத்தகத்தை அது என்ன செய்கிறது என்பதைத்தான்.

அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசம முறை, ஏதாவது ஓர் இடத்தைத் தேர்ந்தெடு என்கிறது. அறிவு முழுவதையும் பத்துப் பெரும் வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மேலும் பத்துப் பத்தாக உடைத்துக்கொண்டே போவார் டூயி. கொய்னா புத்தகத்தை மருந்தியல் என்று பார்த்தால் 615, பயிர் என்று பார்த்தால் 633, வரலாறு என்று பார்த்தால் 900களில் எங்காவது. ஒன்றை முடிவு செய்துவிட்டால் மற்ற வாசல்கள் அலமாரியில் அடைபட்டுவிடும். ஆனால் எண் சிறியது, முதுகில் ஒட்டலாம், புதிதாக வருபவருக்குக்கூட ஐந்து நிமிடத்தில் புரியும். இந்த எளிமையை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன்.

இதன் உண்மையான குறை இடப் பங்கீட்டில் இருக்கிறது. இலக்கியத்துக்கான 800இல் அமெரிக்க இலக்கியத்துக்கு 810, ஆங்கிலத்துக்கு 820, ஜெர்மனுக்கு 830 என்று ஆளுக்கொரு பத்து. மிச்சமுள்ள உலக மொழிகள் பெரும்பாலானவை 890க்குள் அடக்கம். சங்கப் பாட்டிலிருந்து நேற்று வந்த நாவல் வரை நம் இலக்கியம் முழுவதும் 894.811. அதற்குள் கவிதை 894.8111, புனைகதை 894.8113. தமிழ்ப் புத்தகம் நிறைந்த அலமாரியில் வரிசையாக எல்லா முதுகிலும் ஒரே எண் நீளமாக ஓடுவதைப் பார்த்தால், டூயி எந்த ஊர் அலமாரியை மனத்தில் வைத்து எண் போட்டார் என்பது விளங்கும்.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறை எழுத்துகளைக் கொண்டு 21 வகுப்புகள் வைத்திருக்கிறது. தன்னிடம் இருந்த புத்தகங்களுக்கு ஏற்ப வளர்ந்த முறை அது. மிகப் பெரிய நூலகங்களுக்கு நல்லது. மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பால் ஓட்லேயும் ஆன்ரி லா ஃபோன்டேனும் பிரஸ்ஸல்ஸில் 1895இல் தொடங்கிய அனைத்துலகத் தசம முறை, டூயியின் எண்களை எடுத்துக்கொண்டு நடுவே குறிகளைப் போட அனுமதித்தது. 615:633 என்று எழுதினால் மருந்தும் பயிரும் சேர்ந்துவிடும். நூலகப் பட்டியலில் இன்னோர் அட்டை போட்டு, எண்ணைத் திருப்பி 633:615 என்றும் கோக்கலாம். கொய்னா புத்தகத்துக்கு இரண்டாவது வாசல் இங்கேதான் திறந்தது.

கணிதம் கற்பித்துவிட்டு 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன் இன்னும் ஆழமாகப் போனார். லண்டன் கடையொன்றில் மெக்கானோ விளையாட்டுத் துண்டுகளைப் பார்த்தபோது, சில துண்டுகளை வைத்தே எத்தனையோ பொருள்களைச் செய்ய முடிவது அவர் கண்ணில் பட்டது. தலைப்புகளையெல்லாம் முன்கூட்டியே பட்டியலிடாமல், துண்டுகளை மட்டும் கொடுத்து, எண்ணை நீயே கட்டிக்கொள் என்றது 1933இல் வந்த அவருடைய கோலன் முறை. நூலகவியல் பாடங்களில் காட்டப்படும் ஓர் எண்ணைப் பாருங்கள்:

எல்,45;421:6;253:எஃப்.44'என்5

எல் மருத்துவம், 45 நுரையீரல், 421 காசநோய், 6 சிகிச்சை, 253 எக்ஸ்ரே, எஃப் ஆராய்ச்சி, 44 இந்தியா, என்5 என்பது 1950. நுரையீரல் காசநோயை எக்ஸ்ரே கொண்டு குணப்படுத்துவது பற்றி 1950இல் இந்தியாவில் நடந்த ஆராய்ச்சி என்ற முழு வாக்கியமும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. எனக்கு இது இன்றும் வியப்புதான். ஆனால் இதை மெலிந்த புத்தகத்தின் முதுகில் ஒட்ட முடியாது, திருப்பி அடுக்கும் ஊழியருக்கும் கண்ணைக் கட்டும். அலமாரியில் அது பரவலாக நிலைக்கவில்லை. அதே கூறுபடுத்தும் சிந்தனையைத்தான், நிறம், அளவு, விலை என்று வடிகட்டித் தேடும் இணையக் கடைகளில் இன்று தினமும் பயன்படுத்துகிறோம்.

அப்புறம் குறிச்சொற்கள், அதாவது தேடுவதற்காகக் கணினியில் புத்தகத்தோடு சேர்த்துவைக்கும் சொற்கள். பூட்டே இல்லாத வீடு மாதிரி, எத்தனை வாசல் வேண்டுமானாலும் வைக்கலாம். சிக்கல் சொல்லில்தான். ஒருவர் மலேரியா என்று போடுவார், இன்னொருவர் முறைக்காய்ச்சல் என்பார். பெயர்கள் அதைவிட மோசம்: உ.வே.சா., உ. வே. சாமிநாதையர், சுவாமிநாத ஐயர், சாமிநாதய்யர். நான்கும் ஒரே மனிதர்தான் என்று கணினிக்கு யாராவது சொல்லித் தராவிட்டால், அவர் பதிப்பித்த நூல்கள் நான்கு குவியல்களாகக் கிடக்கும். தேடுபவர் ஒரு குவியலைப் பார்த்துவிட்டு, இவ்வளவுதான் போலிருக்கிறது என்று போய்விடுவார்.

சில ஆயிரம் புத்தகங்களை ஒழுங்கு செய்ய யாராவது என்னிடம் யோசனை கேட்டால், அலமாரிக்கு டூயி எண்ணையே, அதுவும் புள்ளிக்குப் பின் நீளவிடாமல், வைக்கச் சொல்வேன். கொய்னா புத்தகம் 615இல் நிற்கட்டும். புத்தகங்களைத் தேடும் நூலக அட்டவணையில் நோய், பயிர், இடம், காலம் என்று ரங்கநாதன் வழியில் கூறுகூறாகப் பதியலாம். குறிச்சொல் போடலாம், ஆனால் ஏற்கப்பட்ட சொற்களின் பட்டியலிலிருந்து மட்டும். அந்தப் பட்டியலில் முறைக்காய்ச்சல் என்று தேடினால் "மலேரியா பார்க்க" என்று ஒரு வரி இருக்க வேண்டும். முதல் வாரத்தை எண் போடுவதில் செலவிடாமல், அந்த மாதிரி வரிகளை எழுதுவதில் செலவிடுங்கள்.