ட்ரெய்லர் பிரேக் மாட்யூலைத் தபாலில் ரிப்பேருக்கு அனுப்பாதீர்கள் – 437 டாலர் போச்சு

இன்று காலைதான் அந்த ரிப்பேர் கடையிலிருந்து கடைசி மெயில் வந்தது. உங்கள் புகாரை முடித்து வைத்துவிட்டோம், நன்றி, அவ்வளவுதான். என் 437 டாலரை வைத்துக்கொண்டு எனக்கே நன்றி. ஆத்திரம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். ரெண்டு நாள் போனால் "சரி, தொலையட்டும்" என்று நானும் விட்டுவிடுவேன், அடுத்த ஆள் போய் மாட்டுவார். கடையின் பெயரைப் போடவில்லை, வக்கீல் நோட்டீஸ் வாங்கவும் தெம்பில்லை. வண்டியின் எலக்ட்ரானிக் மாட்யூல்களை, அதாவது கட்டுப்பாட்டுப் பெட்டிகளை, தபாலில் வாங்கி, ரிப்பேர் செய்து திருப்பி அனுப்புவதாகச் சொல்லும் ஆன்லைன் கடை, அந்த வகை.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், ரவுண்ட் ராக் பக்கம். எட்டு வருஷப் பழைய பிக்கப், பின்னால் மாட்ட 24 அடி கேம்பிங் ட்ரெய்லர். தண்ணீர், சாமான், சைக்கிள் எல்லாம் ஏற்றினால் 6,000 பவுண்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். இங்கே 4,500 பவுண்டுக்கு மேல் போனாலே ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். எங்களுடையதில் நாலு சக்கரத்திலும் எலக்ட்ரிக் பிரேக். பெடலை மிதித்ததும் டாஷ்போர்டில் இருக்கும் மாட்யூல் நீல வயர் வழியாக கரண்ட் அனுப்பும், பிரேக் டிரம்முக்குள் இருக்கும் காந்தம் சுழலும் டிரம்மில் ஒட்டி இழுபட்டு பிரேக் ஷூவை டிரம்மோடு அழுத்தும். ஒரு சக்கரத்துக்கு சுமார் 3 ஆம்பியர், நாலுக்கும் 12. அந்த மாட்யூல் படுத்துவிட்டால் பின்னால் வருவது வெறும் பாரம்.

படுத்தது. இங்க்ஸ் லேக் போய்விட்டுத் திரும்பும்போது 29-ஆம் நெடுஞ்சாலையில், லிபர்ட்டி ஹில் தாண்டி ஒரு சிக்னலில் பிரேக் மிதிக்கிறேன், பின்னாலிருந்து யாரோ முட்டித் தள்ளுவது போல வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. டாஷ்போர்டில் "ட்ரெய்லர் பிரேக் மாட்யூல் ஃபால்ட்" என்று வந்து நிற்கிறது. மனைவி கதவுக் கைப்பிடியைப் பிடித்தவள் வீடு வரும்வரை விடவில்லை. ஓரமாக, உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தோம்.

எடுத்தவுடனே மாட்யூல்தான் என்று நான் முடிவு செய்யவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் பின்னால் பாடிய பாட்டே "உங்கள் வயரிங்கைப் பாருங்கள்" என்பதுதான். ஏழு பின் சாக்கெட்டில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. மாட்யூல் பிளக்கிலிருந்து சாக்கெட்டின் நீல வயர் பின் வரை மீட்டர் வைத்துப் பார்த்தேன், தொடர்பு இருந்தது. கிரவுண்ட் (எர்த்) வயரும் சரி. நண்பர் ஒருவரின் பிக்கப்பில் இதே ட்ரெய்லரை மாட்டி காலி பார்க்கிங் லாட்டில் ஓட்டினோம், ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் போடும் கை லிவரை அழுத்தினாலே நாலு சக்கரமும் பிடித்தது. அப்புறம் எது மிச்சம்?

டீலரிடம் கேட்டால் புது மாட்யூல், புரோகிராமிங், கூலி எல்லாம் சேர்த்து 890 டாலர். அந்தக் கடுப்பில் ராத்திரி தேடும்போதுதான் இந்தக் கடை கிடைத்தது. உங்கள் மாட்யூலையே ரிப்பேர் செய்வதால் மறுபடி புரோகிராம் செய்ய வேண்டாம், ஆயுள் முழுக்க வாரன்டி என்று போட்டிருந்தார்கள். ரிப்பேர் 349, டெஸ்டிங் 60, தபால் 28. மொத்தம் 437.

நான் விழுந்த இடம் விலை இல்லை. போன் செய்தேன், ஒரு ஆள் எடுத்தார், பொறுமையாகக் கேட்டார். சேஸி நம்பர் வாங்கிக்கொண்டார். பேச்சின் நடுவில், "குடும்பத்தோடு போகிறீர்களா? இது திரும்பி வரும்வரை தயவுசெய்து ட்ரெய்லரை இழுக்காதீர்கள்" என்றார். என் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவன் ஏமாற்றுவானா என்று தோன்றிவிட்டது. அதே குரலில், கார்டு போட்டால் 3 சதவீதம் கூட வரும், வங்கி ஆப்பில் நேராக அனுப்பினால் அது மிச்சம் என்றார். 13 டாலர் மிச்சம். அனுப்பினேன்.

எங்கள் ஊரில், பல்லடம் பக்கம், பம்ப்செட் மோட்டாரைக் காயில் கட்டக் கொடுக்கும்போது அப்பா மூடியும் பாடியும் சேரும் இடத்தில் ஒரு பொட்டு பெயின்ட் வைத்துத்தான் கொடுப்பார். திறந்தார்களா, உள்ளே எதையாவது மாற்றிப் போட்டார்களா என்று தெரிய வேண்டுமாம். சின்ன வயதில் எனக்கு அது அசிங்கமாக இருக்கும், கடைக்காரர் எதிரிலேயே செய்வார். கை பழக்கமோ என்னவோ, மாட்யூலைப் பெட்டியில் வைக்கும்முன் அதன் இரண்டு பாதியும் சேரும் கோட்டின் மேல் மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷை ஒரு சொட்டு வைத்து போட்டோவும் எடுத்தேன்.

ஒன்பது நாளில் பார்சல் வந்தது. பளபளவென்று துடைத்து, "சோதிக்கப்பட்டது" என்று புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். மாட்டினேன். ஸ்டார்ட் செய்தால் எந்த எச்சரிக்கையும் இல்லை, ஒரு நிமிடம் சந்தோஷம். ட்ரெய்லர் பிளக்கைச் சொருகியதும் அதே "ஃபால்ட்". கழற்றிப் பார்க்கிறேன், நெயில் பாலிஷ் வைத்தது வைத்தபடி, கோட்டின் குறுக்கே, ஒரு விரிசல் கூட இல்லாமல். அவர்கள் திறக்கவே இல்லை. பில்லில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "பழுதான டிரான்சிஸ்டர் மாற்றப்பட்டது, சால்டரிங் புதுப்பிக்கப்பட்டது." மூடியைத் திறக்காமல் எப்படி ஐயா டிரான்சிஸ்டர் மாற்றினீர்கள், மந்திரம் போட்டா?

போன் செய்தேன். அந்த அன்பான குரல் இப்போது லைனிலேயே வருவதில்லை. மெயில் அனுப்புங்கள், 48 மணி நேரத்தில் பதில் வரும் என்றார்கள். நாலு நாள் கழித்து, ஏழு பின் சாக்கெட்டைப் பாருங்கள். பார்த்துவிட்டேன் என்றால், வீடியோ அனுப்புங்கள். வீடியோ அனுப்பினால், எங்கள் மேஜையில் வேலை செய்தது, கோளாறு உங்கள் வண்டியில். நெயில் பாலிஷ் போட்டோவை அனுப்பினேன். ஒரு வாரம் மூச்சே இல்லை. அப்புறம் வந்த பதில்தான் உச்சம்: உங்கள் மாட்யூலில் பழுது எதுவும் காணப்படவில்லை, ஆகவே அது ரிப்பேரில் சேராது, ரிப்பேர் செய்யாத பொருளுக்கு வாரன்டி கிடையாது. அப்படியானால் ரிப்பேருக்கு என்று வாங்கிய 349 எதற்கு? இந்தக் கேள்விக்கு வந்த பதில்தான் இன்று காலை மெயில்.

வங்கியில் கேட்டேன். பணத்தை நீங்களாகவே அனுப்பியிருக்கிறீர்கள், திருப்பி எடுக்க வழியில்லை என்றார்கள். கார்டில் போட்டிருந்தால் தகராறு செய்து பார்த்திருக்கலாம். 13 டாலர் மிச்சம் பிடிக்கப் போய் 437.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக ஒரு பட்டியல் எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கார்டில் மட்டும் பணம் கட்டுங்கள், தள்ளுபடி என்றால் ஓடிவிடுங்கள். அனுப்பும்முன் சேரும் இடத்தில் பொட்டு வையுங்கள், போட்டோ எடுங்கள். "பழுது இல்லை என்றால் பணம் திருப்பித் தருவீர்களா" என்று முதலிலேயே மெயிலில் எழுதி வாங்குங்கள், போனில் சொன்னது எதுவும் செல்லாது. அப்புறம், திரும்பி வந்த மாட்யூலை நம்பி நேராக ஹைவேயில் ஏறாதீர்கள். காலி இடத்தில் ட்ரெய்லரை மாட்டி, மெதுவாக உருட்டி, லிவரை அழுத்திப் பாருங்கள், பிடிக்கிறதா என்று. நான் ஸ்டார்ட் செய்து பார்த்ததோடு விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமைக்கு டீலரிடம் அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கிறேன். அந்த 890-ஐயும் சேர்த்தால் 1,327. ட்ரெய்லர் ஸ்டோரேஜில் நிற்கிறது, அதற்கு மாத வாடகை தனி.