டிரம் பல்லும் ஃபீடர் செயினும்: ஒரிஜினலா, வெளிச்சந்தையா, லேத் பட்டறையா?

சம்பா அறுவடைக்கு முன் நெல் அறுவடை வண்டியைப் பிரித்துப் போட்டால், பெரிய செலவு இரண்டு இடத்தில்தான் காத்திருக்கும். கதிரை உள்ளே இழுக்கும் ஃபீடர், அதை அடித்து நெல்லை உதிர்க்கும் டிரம். இரண்டுக்கும் டெல்டாவில் மூன்று வழியில் சாமான் கிடைக்கிறது: டீலரிடம் கம்பெனி ஒரிஜினல், கடையில் வேறு பெயரில் வரும் வெளிச்சந்தைச் சாமான், ஊர் லேத் பட்டறை. மூன்றில் எது நல்லது என்று மொத்தமாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது, சாமானுக்குச் சாமான் மாறும். நான் பார்ப்பது ஒன்றுதான்: இது கெட்டால் இதோடு போகுமா, பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகுமா?

இவ்வளவு சீக்கிரம் ஏன் தேய்கிறது என்றால், நெல்தான் காரணம். உமியை எரித்தால் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலில் 85 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா, அதாவது மணலின் சரக்கு. குறுவையில் மழைக்குச் சாய்ந்த பயிரோடு சேறும் உள்ளே போகிறது. அமெரிக்காவில் சோளம், சோயா அறுப்பவர்கள் வெளிச்சந்தை டிரம் சாமானை வண்டியின் திறனைக் கூட்டுவதற்காகவும் வாங்குகிறார்கள். நமக்கு அந்த ஆசையெல்லாம் பிறகு. தேய்ந்ததை மாற்றி சீசனை ஓட்டினால் போதும்.

எல்லோரும் முதலில் டிரம் பல்லைத்தான் வாங்குகிறார்கள். நான் ஃபீடரில் தொடங்கச் சொல்வேன். கதிர் பாய் விரித்த மாதிரி சீராகப் போகாமல் கட்டி கட்டியாகப் போனால், கட்டி வரும்போது டிரம் திணறி, நெல் முழுதும் உதிராமல் வைக்கோலோடு வெளியே போகும். கட்டி கடந்த பிறகு வெறும் டிரம் சுற்றும். அப்போது வரும் கொஞ்சம் கதிர் அளவுக்கு மேல் அடிபட்டு நெல் உடையும். இந்தக் கோளாறை எந்த ஒரிஜினல் பல்லும் தீர்க்காது.

ஃபீடர் செயினில் பெயருள்ள செயின் கம்பெனியின் சரக்கு, சரியான நம்பரில் கிடைத்தால், ஒரிஜினலுக்குப் பதிலாகத் தாராளமாகப் போடலாம். பெயரில்லாத செயினில்தான் சிக்கல். கண்ணிகளைக் கோக்கும் பின் (ஊசி), அதைச் சுற்றியுள்ள புஷ் (குழல்) இரண்டிலும் கடினமாக்கிய மேல்தோல் மெல்லியதாக இருக்கும். அது தேய்ந்ததும் செயின் மளமளவென்று நீளும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் நீளாததால், செயின்களுக்குக் குறுக்கே மாட்டியிருக்கும், கதிரை இழுக்கும் குறுக்குப் பட்டி கோணிக்கொண்டு ஓடும். நீட்சியை அளக்க டேப் போதும். சி.ஏ. 550 ரகச் செயினின் பிட்ச், அதாவது ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை உள்ள தூரம், 41.4 மி.மீ.; 24 கண்ணி புதிதில் சுமார் 994 மி.மீ. இருக்கும். அது 1,023-ஐத் தொட்டால் 3 சதவீதம் நீண்டுவிட்டது, கழற்றிவிடுங்கள். உங்கள் வண்டியில் வேறு பிட்ச் என்றாலும் கணக்கு இதேதான். மாற்றும்போது எல்லாச் செயினையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பல் கொக்கி போல வளைந்த பழைய ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல் சக்கரத்தில்) புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரம் பழையதாகிவிடும்.

குறுக்குப் பட்டியை லேத்தில் அடித்துக்கொள்ளலாம். கெட்டால் வளையும், அவ்வளவுதான். போல்ட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: 8.8 கிரேடு போல்ட், கழலாத நைலான் நட். கழன்ற போல்ட் அடுத்துப் போகும் இடம் டிரம்.

அறுத்த கதிரை ஃபீடர் வாய்க்குத் தள்ளும் திருகு உருளையான ஆகரில் நீண்டு சுருங்கும் விரல் கம்பிக்கு என் வாக்கு ஒரிஜினலுக்குத்தான். பல வண்டிகளில் அதில் வேண்டுமென்றே ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். கட்டையோ கல்லோ மாட்டினால் அந்த இடத்தில் முறிந்து மற்றதைக் காப்பாற்றும். பட்டறைக்காரர் நல்லெண்ணத்தில் கெட்டிக் கம்பியில் செய்து தருவார். அது முறியாது, வளைந்து ஆகர் தகட்டைக் கிழிக்கும். விரலைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கைடு வெளிச்சந்தையிலேயே வாங்கலாம்.

இனி டிரம். டெல்டாவில் அதிகம் ஓடும் குபோட்டா டி.சி. 68 போன்ற பெல்ட் வண்டிகளில் கதிர் நீளவாக்கில் சுழன்று போகும் பல் டிரம் ஒன்றே எல்லா வேலையும் செய்கிறது. கிளாஸ் கிராப் டைகரில் முதலில் ஒரு குறுக்கு டிரம், அப்புறம் நீளவாக்கில் பிரிக்கும் ரோட்டார். அதில் வேலை இரண்டாகப் பிரிவதால் எது தேய்ந்திருக்கிறது என்று தனித்தனியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

பல்லில் விலையைவிட எடையைக் கவனியுங்கள். 60 செ.மீ. விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓடினால், ஒரு பக்கம் கூடுதலாக இருக்கும் 100 கிராம் கிட்டத்தட்ட 12 கிலோ விசையோடு வெளியே இழுக்கும். நாள் முழுக்க அந்த உதறலைத் தாங்குவது பேரிங். அதனால் வெளிச்சந்தைப் பல் வாங்கினால் தராசில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, எடை ஒத்தவற்றை எதிரெதிர் வரிசையில் மாட்டுங்கள். உயரத்தையும் அளங்கள், சில மி.மீ. கூடினாலும், டிரம்முக்கும் அதன் கீழே வளைந்திருக்கும் கம்பிச் சல்லடையான கான்கேவுக்கும் உள்ள இடைவெளி கெடும். இந்த இரண்டிலும் தேறினால் வெளிச்சந்தைப் பல்லே போதும், ஒரிஜினலுக்கு இரட்டை விலை கொடுக்கத் தேவையில்லை. உருட்டுப் பல் ஒரு பக்கம்தான் தேய்ந்திருந்தால், மாட்டும் அமைப்பு இடம் கொடுக்கும் வண்டியில் திருப்பிப் போட்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்.

தேய்ந்த பல்லில் வெல்டிங் ஏற்றுவதுதான் எனக்குப் பிடிக்காதது. எடை பல்லுக்குப் பல் மாறும். சூட்டில் அடிப்பகுதியின் பதமும் போகும். விளிம்பும் கரடுமுரடாகும், அதில் நெல் நொறுங்கும், வைக்கோல் கூளமாகும். கூளத்தைக் கட்டு கட்ட முடியாது, சல்லடையிலும் அது நெல்லோடு இறங்கும். கொள்முதல் நிலையத்தில் வைக்கோல், கூளம் போன்ற அங்ககக் குப்பை 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே திட்டு வாங்குவது வயல்காரர், அடுத்த வருடம் வாடகை இழப்பது வண்டிக்காரரான நீங்கள்.

கான்கேவுக்கு வெளிச்சந்தை சரி, கம்பி இடைவெளி பழையதோடு ஒத்திருந்தால். லேத்தில் கம்பி வைத்துப் பற்றவைத்தால் சூட்டில் வளைவு மாறி, ஒரு ஓரம் இறுகியும் மறு ஓரம் தளர்ந்தும் போகும். டிரம் தண்டு, கியர் இரண்டுக்கும் ஒரிஜினல் தவிர வேறு பேச்சில்லை. பேரிங்கை, பொறித்த எண்ணை, சீல் வகையைக் குறிக்கும் எழுத்து உட்பட எழுதிக்கொண்டு போய், நம்பகமான பேரிங் கடையில் வாங்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது கம்பெனிப் பெட்டியில் பாதி விலைக்கு வரும் போலி. சொந்தப் பெயரில் விற்பவன் அடுத்த முறையும் நாம் வரவேண்டும் என்று நினைப்பான். போலிக்காரனுக்கு அந்தக் கவலை இல்லை. பில் இல்லாமல் ஒரிஜினல் என்று எதையும் வாங்காதீர்கள்.

சம்பா அறுவடை சூடுபிடிப்பது பொங்கலை ஒட்டி. அந்த நாட்களில் டீலரும் பூட்டியிருப்பார், லேத்தும் பூட்டியிருக்கும். செயின் ஜாயின்ட் கண்ணி, சில விரல் கம்பி, எடை பார்த்துக் கட்டி வைத்த இரண்டு எதிர் வரிசைப் பல், டிரம் பேரிங் ஒரு ஜோடி, இவ்வளவும் மார்கழியிலேயே வண்டிப் பெட்டிக்குள் போயிருக்க வேண்டும்.