முதல் பிரஸ் நிதானமானதாக இருக்கட்டும்

இரண்டு வருடமாக ஆர்சிபிஎஸ் கம்பெனியின் ராக் சக்கர் என்ற, கையால் இயக்கும் பிரஸ்ஸில்தான் சுட்டு முடித்த தோட்டாக்களின் காலிக் கூடுகளை மறுபடி நிரப்புகிறேன். கைப்பிடியை ஒருமுறை இறக்கினால் ஒரே வேலைதான். டையை, அதாவது கூட்டை அழுத்தும் அச்சை, மாற்றிவிட்டு அடுத்த வேலை. ஐம்பது தோட்டாவுக்கு ஒரு மாலைப்பொழுதே போய்விடும். ஆனால் புதிதாகக் கற்பவருக்கு அந்த நிதானம் ரொம்ப முக்கியம். ஒவ்வொரு கூட்டிலும் வெடிமருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று விளக்கைப் பிடித்துப் பார்த்துவிடுகிறேன். இருமடங்கு விழுந்துவிட்டால் துப்பாக்கியே வெடிக்கலாம். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

வார்ப்பிரும்பு உடல். பெரிய ரைஃபிள் கூடுகளை அழுத்தும்போதும் அசையவில்லை. முதலில் மெல்லிய பலகையில் பொருத்தினேன், பலகைதான் ஆடியது. கனமான மேசையில் போல்ட் போட்டதும் சரியாகிவிட்டது. டையைத் திருகும் இடத்தில் 7/8 அங்குலப் புரி என்பதால் பெரும்பாலான கம்பெனி டைகள் பொருந்தும். கைத்துப்பாக்கியில் ஏராளமாகச் சுடுபவர்கள் ஒரே இறக்கத்தில் பல வேலைகளைச் செய்யும் புரோகிரசிவ் பிரஸ் வாங்கலாம், இதில் கை பழகியதற்கு அப்புறம்.