சாம்பசிப் புலிமீனா, மர்ச்சிசன் நைல் பெர்ச்சா: ஒரே ஒரு பயணம் என்றால் எது?

ஆப்பிரிக்க ஆற்றில் பெரிய வேட்டை மீனுக்குத் தூண்டில் போடக் கிளம்புகிறவர்கள் முதலில் பார்ப்பது எடையைத்தான். எடையை மட்டும் வைத்தால் போட்டியே இல்லை. தூண்டில் சாதனைகளைப் பதிவுசெய்யும் ஐ.ஜி.எஃப்.ஏ. ஏட்டில் நைல் பெர்ச்சின் உச்சம் 104 கிலோவுக்கும் மேல். 2000-ல் எகிப்தின் நாசர் ஏரியில் பிடிபட்டது. காங்கோ ஆற்றின் கோலியாத் புலிமீன் 44 கிலோ, 1988-ல். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் ஓடும் சாம்பசி ஆற்றின் புலிமீனுக்கு 16.1 கிலோதான், 2001-ல், அந்த ஆற்றைத் தடுத்து உண்டான கரீபா ஏரியில்.

ஆனாலும் ஒரே ஒரு பயணத்துக்குத்தான் பணமும் விடுப்பும் இருக்கிறது என்று யாராவது கேட்டால், நான் சாம்பசிக்கே போகச் சொல்வேன். உகாண்டாவின் மர்ச்சிசன் அருவியடி அதை முந்தும் இடங்களும் உண்டு. அவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன்.

காங்கோவை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். கோலியாத்தின் பல்லும் உடம்பும் யாரையும் மிரள வைக்கும், உண்மைதான். ஆனால் அங்கே தங்குமிடம், படகு, அனுமதி, பாதுகாப்பு எல்லாவற்றையும் நாமே ஒவ்வொன்றாகத் தேடிக் கோக்க வேண்டும். வாரக்கணக்கில் காத்திருந்து ஒரு கடிகூட இல்லாமல் திரும்புவது அங்கே சாதாரணம். மாதக்கணக்கில் நேரம் உள்ளவர்களுக்கான ஆறு அது.

இனி மர்ச்சிசன். விக்டோரியா நைல் அங்கே சுமார் 7 மீட்டர் அகலப் பாறை இடுக்கில் நெருக்கியடித்துப் புகுந்து 43 மீட்டர் கீழே விழுகிறது. அருவிக்குக் கீழே நுரையும் சுழலுமாக ஓடி, பிறகு அகன்று ஆல்பர்ட் ஏரியை நோக்கிப் போகிறது. நைல் பெர்ச் இந்தக் கீழ்ப்பகுதியின் சொந்த மீன். அருவியை ஏறிக் கடக்க முடியாததால்தான் மேலே உள்ள விக்டோரியா ஏரியில் அது இயற்கையாக இருந்ததில்லை. 1950களிலும் 60களிலும் மனிதர்கள் கொண்டுபோய் விட்ட பிறகு அந்த ஏரியின் நூற்றுக்கணக்கான சிறு மீனினங்கள் அதற்கு இரையாகி அழிந்தது உலகறிந்த கதை. ஏரியில் அழிவாக நிற்கும் அதே மீன், அருவிக்குக் கீழே தனக்குரிய இடத்தில் முறையான வேட்டையாளாக வாழ்கிறது. இந்த மீனை அதன் சொந்த ஆற்றில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு மர்ச்சிசனுக்கு நிகரான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

நமக்கு இது அந்நியமான மீனும் அல்ல. நம் கழிமுகங்களில் கிடைக்கும் கொடுவாவும் நைல் பெர்ச்சும் ஒரே பேரினம். அதே கூனல் முதுகு, அதே பெரிய வாய், இருட்டில் டார்ச் அடித்தால் மின்னும் அதே கண். கொடுவா பிடித்துப் பழகிய கைக்குக் கடி விழும் விதமும் பிடிபடும்: இரையை வாயைத் திறந்து ஒரே இழுப்பில் உள்ளே உறிஞ்சும், ‘டொம்’ என்று ஒரு கனம் தூண்டில் நரம்பில் வரும். அப்புறம் அது நேராக ஆழத்துக்குப் போகும். சில நேரம் மேலே வந்து செவுளை விரித்துத் தலையை உதறும். அந்த உதறலில் தப்பும் மீன்கள் ஏராளம்.

ஆனால் அந்தக் கடிக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதுதான் கேள்வி. மர்ச்சிசனில் வழக்கமான முறை, கரைப் பாறையில் நின்று, வேகநீரும் தேங்குநீரும் உரசும் விளிம்பில் உயிர் இரையை விடுவது. இல்லாவிட்டால் 15 செ.மீ. அளவுள்ள பெரிய லூரை, அதாவது செயற்கை இரையை, எறிந்துகொண்டே இருப்பது. சிறு ஜிலேபி மீன் நல்ல இரை. நாள் முழுக்க நின்றும் ஒரு கடியும் வராமல் போகலாம், மறுநாள் 40 கிலோ மீன் வரலாம். கடித்த மீனும் பாறையைச் சுற்றி ஓடினால் 80 பவுண்டு தாங்கும் பிரெய்டு என்னும் பின்னல் நரம்புகூட உரசி அறுந்துவிடும். அருவியின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்துவதும் சரியாகக் கேட்காது.

சாம்பசியில் கதை வேறு. புலிமீனின் வாய் மூடியிருக்கும்போதும் பற்கள் வெளியே தெரியும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றன் இடைவெளியில் ஒன்று பொருந்தி உட்காரும். வெள்ளி உடம்பில் நீளவாட்டில் கறுப்புக் கோடுகள், வாலில் சிவப்பும் ஆரஞ்சும். தென்னாப்பிரிக்காவின் ஷ்ரோடா அணையில் இவை பறந்துபோகும் தகைவிலான் குருவிகளைத் தாவிப் பிடிப்பதை ஆய்வாளர்கள் படம்பிடித்து 2014-ல் வெளியிட்டார்கள். அந்த வேகம்தான் தூண்டிலிலும் வருகிறது. கடி விழுந்த ஒரு நொடிக்குள் மீன் தண்ணீருக்கு மேலே இருக்கும். தலையை இடமும் வலமும் வெட்டி ஆட்டும், லூர் தனியாகப் பறந்து வந்து படகில் விழும்.

அதன் தாடை முழுக்க எலும்பு, தூண்டில் முள் இறங்குவதற்குச் சதை கிடையாது. கடித்ததில் பாதிக்கு மேல் தப்பிப் போனாலும் வழிகாட்டிகள் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். நான் புலிமீன் பக்கம் சாய்வதற்குக் காரணமே இதுதான். தப்பிய பத்து நிமிடத்தில் இன்னொன்று கடிக்கலாம். ஒவ்வொரு கடியும் ஏதோ ஒன்றைக் கற்றுத் தரும்: முள் கூர்மை போதவில்லை, கம்பைத் தூக்காமல் நரம்பையே இழுத்து முள்ளைக் குத்தியிருக்க வேண்டும், மீன் தாவும்போது தொய்வு விட்டுவிட்டோம். ஒரு வாரத்தில் ஆள் உண்மையிலேயே தேறுவார். மர்ச்சிசனில் அந்த வாய்ப்பே அரிது. அங்கே திறமையைவிடப் பொறுமைதான் பெரிய தேவை.

தளவாடத்தில் ஒரு வித்தியாசம் முக்கியம். புலிமீனுக்கு வயர் லீடர், அதாவது நரம்புக்கும் முள்ளுக்கும் நடுவே கட்டும் கம்பித் துண்டு, கட்டாயம். ஒரு சாண் நீளமாவது எஃகுக் கம்பி இல்லாமல் போட்டால் தங்கூசி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சீவிவிடும். நைல் பெர்ச்சுக்குக் கத்திப் பல் இல்லை, வாய்க்குள் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்புதான். 100 பவுண்டுக்கு மேற்பட்ட தடித்த தங்கூசி லீடர் போதும். செவுள் மூடியின் விளிம்புதான் கையைக் கிழிக்கும், கவனம். நைலிலும் வேறொரு வகைப் புலிமீன் உண்டு என்பதால் அங்கே நரம்பு திடீரென்று துண்டாவது நடக்கும். ஈ மாதிரி கட்டிய போலி இரை போட்டுப் பிடிக்கிறவர்களுக்கு, அதாவது ஃபிளை ஃபிஷிங் ஆட்களுக்கு, சாம்பசிதான் சரி. 9-ம் எண் கம்பும் மூழ்கும் நரம்பும் இருந்தால் நாள் முழுக்க வேலை இருக்கும். மர்ச்சிசன் வெள்ளத்தில் ஃபிளை போட்டுப் பெரிய பெர்ச் பிடிப்பது வெகு சிலருக்கே வாய்க்கும்.

சாம்பசி என்று பொதுவாகச் சொன்னாலும் அது இரண்டு ஆறு. விக்டோரியா அருவிக்கு மேலே, சாம்பியாவின் பரோட்சே வெள்ளச் சமவெளி முதல் நமீபியாவின் கட்டிமா முலிலோ வரை, வெள்ளம் வடியத் தொடங்கிய பிறகு மீன்பிடி நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பகுதியில் தங்கூசி வலைகள் பல வருடங்களாகப் பெரிய மீன்களை வாரிவிட்டன. நமீபியா அந்த வலைகளைத் தடைசெய்து, சிகுங்கா போன்ற கால்வாய்களைப் பாதுகாப்புப் பகுதிகளாகவும் ஆக்கியது நல்ல வேலை. அதைத் தொடர்ந்து செய்ய வேண்டும். கரீபா அணைக்குக் கீழே, சாம்பியா–சிம்பாப்வே எல்லையில், சிருண்டு முதல் மானா பூல்ஸ் வரையான கீழ்ச் சாம்பசியில், மானா பூல்ஸ் பக்கம் இரு கரையிலும் தேசியப் பூங்காக்கள் உண்டு. புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தப் பகுதியைத்தான். செப்டம்பர், அக்டோபர் உகந்தது. வெயில் 40 பாகையைத் தொடும், தாங்கத் தயாராகப் போங்கள். சாம்பியா பக்கம் டிசம்பர் முதல் பிப்ரவரி முடிய மீன்பிடித் தடைக்காலம்.

மீனைத் திரும்ப விடுவதிலும் சாம்பசிக்கே என் வாக்கு. நைல் பெர்ச்சை ஆழத்திலிருந்து வேகமாக இழுத்து வந்தால் காற்றுப்பை உப்பி, விட்ட பிறகும் மிதந்து தவிக்கும். புலிமீனுக்கு அந்தச் சிக்கல் குறைவு. ஆனால் வெந்நீர் மாதிரி கிடக்கும் அக்டோபர் ஆற்றில் நீண்ட நேரம் போராடவிட்டால் அதுவும் களைத்துச் செத்துப்போகும். முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். படத்துக்குச் சில நொடி தூக்கினால் போதும், அப்புறம் தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதுவே உதறிப் போகும்வரை விடாதீர்கள். பெரிய புலிமீன் என்றால் அது பெரும்பாலும் பெண் மீன்தான், முட்டையும் அதனிடம்தான்.

ஆபத்து இரண்டிலும் ஒன்றுதான்: முதலை, நீர்யானை. மர்ச்சிசனில் கரையில் நின்று பிடிப்பதால் முதலை பயம் கூடுதல். தண்ணீர் விளிம்பிலிருந்து பின்வாங்கியே நிற்க வேண்டும், குனிந்து கை கழுவக் கூடாது. சாம்பசியில் படகு நீர்யானைக் கூட்டத்துக்கு அருகே போய்விடாமல் பார்க்கும் அனுபவமுள்ள ஓட்டுநர் முக்கியம். மலேரியா மாத்திரை இரண்டுக்கும் வேண்டும். உகாண்டாவுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் போக முடியாது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும்.

சரி, மர்ச்சிசனை யார் தேர்ந்தெடுக்கலாம்? ஏற்கெனவே கடலில் பெரிய மீனோடு மல்லுக்கட்டிப் பழகியவர்கள், கடியில்லாத நாளைத் தாங்கும் மனம் உள்ளவர்கள், 50 கிலோ நன்னீர் மீன் ஒன்றை ஆயுளில் ஒருமுறை கையில் ஏந்தியே ஆக வேண்டும் என்பவர்கள். மழை ஓய்ந்த டிசம்பர்–பிப்ரவரி மாதங்களில், உகாண்டா வனவிலங்கு ஆணையத்தின் மீன்பிடி அனுமதிச் சீட்டோடு போங்கள். குறைந்தது ஐந்து முழு நாளை ஆற்றுக்கே ஒதுக்குங்கள். இரண்டு நாளில் அந்த மீன் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.