பெட்டியில் 426, கைப்பேசியில் 409: ஃபைஃபாக்ஸ் செயலியுடன் ஓர் ஆண்டு

எங்கள் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் எட்டு இசைக்கவைகள் கொண்ட மரப்பெட்டி ஒன்று இருக்கிறது. 256 ஹெர்ட்ஸில் தொடங்கி 512 வரை, ஒவ்வொன்றின் மீதும் அதிர்வெண் முத்திரை குத்தப்பட்டிருக்கும். எந்தக் கடையில் வாங்கியது என்று இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெட்டியை நம்பிப் பல ஆண்டுகள் மதிப்பெண் போட்டிருக்கிறேன் என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிளஸ் ஒன் மாணவி, இந்தக் கவைகளில் ஒன்றைத் தட்டிக் குழாய்க்குள் ஒலி உரத்து எழும் காற்றுத்தம்ப நீளத்தை அளந்து, கவையின் அதிர்வெண்ணோடு சேர்த்துக் கணக்கிடும் ஒத்ததிர்வுக் காற்றுத்தம்பச் சோதனையில் ஒலியின் திசைவேகம் விநாடிக்கு 364 மீட்டர் என்று எழுதிக் காட்டினாள். "அது எப்படி வரும்? 350-ஐ ஒட்டித்தானே வரவேண்டும்? போய் மறுபடி செய்" என்று அனுப்பினேன். இரண்டாவது முறையும் 364. மூன்றாவது முறை வந்தபோது நோட்டில் 348 இருந்தது. "இப்போது சரி" என்று சிவப்பு மையால் டிக் அடித்தேன்.

சென்ற ஆண்டு ஃபைஃபாக்ஸ் செயலியைப் பதிவிறக்கிய முதல் நாளே, அதில் ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் பகுதியைத் திறந்து எட்டுக் கவைகளையும் ஒவ்வொன்றாக ரப்பர் கட்டையில் தட்டிப் பார்த்தேன். ஏழு கவைகள் முத்திரைக்கு ஓரிரு ஹெர்ட்ஸ் தள்ளி ஒலித்தன. 426 என்று எழுதியிருந்த கவை 409 காட்டியது. பத்து முறை தட்டினேன். பத்து முறையும் 409தான். 409 ஹெர்ட்ஸ் ஒலிக்குரிய காற்றுத்தம்ப நீளங்களை அளந்து, கணக்கில் 426 என்று போட்டால் விடை 364 ஆகத்தான் வரும். அந்தப் பெண் அளந்ததில் ஒரு பிழையும் இல்லை. அவளைப் பொய் எழுத வைத்தவள் நான். இந்தச் செயலியைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

ஃபைஃபாக்ஸ், ஜெர்மனியின் ஆகன் நகரில் உள்ள ஆர்டபிள்யூடிஎச் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டு 2016-இல் வெளிவந்த செயலி. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இயங்கும், கட்டணம் கிடையாது. கைப்பேசிக்குள் ஏற்கெனவே இருக்கும் முடுக்கமானி, சுழற்சியை உணரும் கைரோஸ்கோப், காந்த உணரி, மைக் ஆகியவற்றையே அளவுக் கருவிகளாக மாற்றித் தருகிறது. சோதனை ஓடும்போது இணையம் தேவையில்லை. எங்களைப் போன்ற கிராமத்துப் பள்ளிக்கு இது பெரிய சௌகரியம்.

மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது. ஆகவே என்னுடைய கைப்பேசி, என் பழைய கைப்பேசி, வேதியியல் டீச்சருடையது என மூன்றை வைத்துத்தான் முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் நடத்துகிறேன். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்துவிட்டால், செயலியில் தெரியும் வரைபடம் அப்படியே கணினியின் உலாவியில் வந்துவிடும். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தின் திரையில் அதை ஓடவிட்டு, மூன்று குழுக்கள் சோதனை செய்ய மற்றவர்கள் அளவுகளைக் குறித்துக்கொள்வார்கள்.

நான் அதிகம் பயன்படுத்துவது ஒலி நிறுத்துக்கடிகாரம். ஓர் ஓசை கேட்டால் ஓடத் தொடங்கி, அடுத்த ஓசையில் நிற்கும், அவ்வளவுதான். எங்கள் பள்ளித் தாழ்வாரத்தில் 20 மீட்டரை டேப்பால் அளந்து, இரு முனைகளிலும் கைப்பேசியுடன் ஒவ்வொரு பிள்ளையை நிறுத்தினேன். முதல் பிள்ளை கை தட்டுகிறாள். அவள் கடிகாரம் உடனே ஓடுகிறது. எதிர் முனையில் இருப்பது, ஒலி அங்கே போய்ச் சேர்ந்த பிறகே ஓடுகிறது. சற்றுப் பொறுத்து எதிர் முனையில் இருப்பவள் தட்டுகிறாள். இப்போது அவளுடையது முதலில் நிற்கிறது, இவளுடையது தாமதமாக நிற்கிறது. இரண்டு கடிகாரங்களுக்கும் உள்ள வித்தியாசம், ஒலி 40 மீட்டர் செல்ல எடுத்துக்கொண்ட நேரம். ஒரு ஜோடிக்கு 2.418, 2.303 என்று வந்தது. வித்தியாசம் 0.115 விநாடி, திசைவேகம் 348. அடுத்த ஜோடிக்கு 359, அதற்கடுத்ததற்கு 338. பத்து ஜோடிகளுக்கும் பத்து விடைகள். சராசரி 349 வந்தபோது வகுப்பே கை தட்டியது. அதற்கும் கடிகாரங்கள் ஓடின.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். எவ்வளவு உரத்த ஓசைக்குக் கடிகாரம் ஓட வேண்டும் என்பதையும், குறைந்தபட்ச இடைவெளியையும் முதலிலேயே அமைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு ஒலிக்கே அது ஓடிவிடும். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியில் நின்றுவிடும்.

இயக்கவியலில் எனக்குப் பிடித்தது பந்து துள்ளும் சோதனை. மேசைப்பந்தைச் சிமெண்டுத் தரையில் விழவிட்டால், துள்ளும் ஓசைகளுக்கு இடைப்பட்ட நேரத்தைச் செயலி பட்டியலிடும். 0.60 விநாடி, அடுத்தது 0.53. மேலே போக பாதி நேரம், இறங்கப் பாதி நேரம் என்று கணக்கிட்டால் 44 சென்டிமீட்டர் உயரத்துக்கு எழும்பிய பந்து அடுத்த முறை 34-க்குத்தான் எழும்பியிருக்கிறது. ஒவ்வொரு துள்ளலிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல் போகிறது. "எங்கே போகிறது டீச்சர்?" என்று அவர்களே கேட்டார்கள். ஆற்றல் மாறாவிதியை நான் கரும்பலகையில் நடத்தியபோது ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

தனி ஊசல் சோதனைக்கும் இதில் இடம் உண்டு. துணிப்பையில் கைப்பேசியைப் போட்டுத் தொங்கவிட்டு, நீளத்தை உள்ளிட்டால் புவியீர்ப்பு முடுக்கத்தையே காட்டிவிடும். அந்தப் பக்கத்தை மட்டும் கடைசி நாள் வரை நான் பிள்ளைகளுக்குத் திறந்து காட்டுவதில்லை. இருபது அலைவுகளை வாய்விட்டு எண்ணி, நிறுத்துக்கடிகாரத்தைத் தாமதமாக அழுத்தி, மறுபடி எண்ணி, வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்த பிறகுதான் கருவி சொல்லும் எண்ணுக்கு மதிப்பு. எங்கள் பகுதியில் உண்மையான மதிப்பு 9.78-ஐ ஒட்டியது என்பதையும் அன்றுதான் சொல்கிறேன். முன்பே சொன்னால் எல்லா நோட்டிலும் அதுவே இருக்கும்.

மின்னியலைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் சமனச்சுற்றும் மின்னழுத்தமானியும் கையால் செய்ய வேண்டியவை. கம்பி முனையை உப்புத்தாளால் தேய்த்துத் திருகி இறுக்குவதும், தொடுசாவியைக் கம்பியில் இழுக்காமல் மெல்லத் தொட்டு எடுப்பதும், கால்வனாமீட்டர் முள் இரு பக்கமும் விலகுகிறதா என்று பார்ப்பதும் எந்தச் செயலியிலும் வராது. ஆனால் மின்னோட்டத்தின் காந்தப்புலத்துக்கு இது அருமையான கருவி. செங்குத்தான கம்பியில் 2 ஆம்பியர் செலுத்தி, 2 சென்டிமீட்டர் தொலைவில் 20 மைக்ரோடெஸ்லா, 4 சென்டிமீட்டரில் 10 என்று புலம் பாதியாவதை நேரில் காட்டலாம். மின்னோட்டம் இல்லாதபோது உள்ள அளவை x, y, z என ஒவ்வோர் அச்சுக்கும் தனித்தனியாகக் கழிக்க மறக்கக் கூடாது. உணரி கைப்பேசிக்குள் எந்த மூலையில் இருக்கிறது என்பதை ஒரு குண்டூசியை மேலே நகர்த்திக் கண்டுபிடிக்கலாம். வலுவான காந்தத்தை அருகே கொண்டுபோகாதீர்கள், அளவு பிறழ்ந்துவிடும்.

டேன்ஜன்ட் கால்வனாமீட்டர் சோதனையில் புவிக் காந்தப்புலத்தின் கிடைத்தளக் கூறைக் கண்டுபிடித்த பிளஸ் டூ பிள்ளைகளை, இரும்பு மேசைகளிலிருந்து விலக்கி வேப்பமரத்துத் திண்ணைக்கு அழைத்துப் போனேன். கைப்பேசியைப் படுக்கவைத்தபோது 40 மைக்ரோடெஸ்லாவை ஒட்டிக் காட்டியது. அவர்கள் நோட்டில் 38, 39, 41 என்று இருந்தன. செங்குத்துத் திசையில் மிகச் சிறிய அளவுதான். நாங்கள் இருப்பது திருநெல்வேலி மாவட்டம், காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில். இங்கே காந்தப்புலம் தரையோடு படுத்தே செல்கிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் விண்வெளி ஆய்வு ராக்கெட்டை ஏவத் திருவனந்தபுரம் அருகே உள்ள தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் கோட்டின் அருகாமைக்காகத்தான் என்று சொன்னேன். பிள்ளைகள் கைப்பேசியை நிமிர்த்தியும் சாய்த்தும் எண்கள் இடம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மணி அடித்தும் எழவில்லை.

நிறுவும் முன் ஒன்று. விலை குறைந்த பல கைப்பேசிகளில் காந்த உணரியும் கைரோஸ்கோப்பும் இருப்பதில்லை. வேதியியல் டீச்சரின் கைப்பேசியில் இரண்டும் இல்லை. அதை ஒலிச் சோதனைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம். உங்கள் கைப்பேசியில் எவை உள்ளன என்பதைச் செயலியின் சாதனத் தகவல் பக்கத்தில் பார்க்கலாம். நான் ஆங்கில முகப்பில்தான் பயன்படுத்துகிறேன். தமிழ்வழிப் பிள்ளைகளுக்காகப் பாடநூல் கலைச்சொற்களை ஓர் அட்டையில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

426 முத்திரை உள்ள கவையை நான் தூக்கிப் போடவில்லை. இந்த ஆண்டு பிளஸ் ஒன் வகுப்புக்கு எதுவும் சொல்லாமல் அதைத்தான் கொடுத்தேன். ஒரு பையன் 365 என்று எழுதிய நோட்டை நீட்டி, "டீச்சர், நான் சரியாகத்தான் அளந்தேன். கவையைத் தட்டிப் பார்க்கலாமா?" என்று கேட்டான். கைப்பேசியை அவன் கையில் கொடுத்தேன்.